பேப்பர் படிக்க வர்றவர் கையெழுத்து வாசகர் கணக்குல சேருமா சேராதா?

மன்னார்குடி நூலகன்
நேத்து வேற ஒரு இழையில கோட்டூர்புரம் கார்த்தின்னு ஒருத்தர் போற போக்குல ஒண்ணு எழுதிட்டுப் போயிருக்காரு. அப்படியே எடுத்துப் போடுறேன், கூட்டினேன் குறைச்சேன்னு அப்புறம் பேச்சு வரக்கூடாது. "நூலகம்னா சென்னையில அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில கலைஞர் நூலகம், அவ்ளோதான். மத்த கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எல்லாம் பெருசுங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஓசிப் பேப்பர் படிக்கிற இடம். அவங்க போடுற கையெழுத்தை வாசகர் வருகைன்னு கணக்குக் காட்டி சம்பளம் வாங்குறாங்க. எல்லாத்தையும் மூடிட்டு மாவட்டத்துக்கு ஒரு பெரிய லைப்ரரி கட்டிடலாம்."

சம்பளம் வாங்குறாங்களாம். நான் மூன்றாம் நிலை நூலகரா சேர்ந்து கிளை நூலகத்துல ரிட்டயர் ஆனவன். காலையில கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியே வாசல்ல நாலு பேர் நிப்பாங்க தம்பி. ஏன் நிக்கிறாங்க? மேட்டூர் நீர்மட்டம் இன்னிக்கு எத்தனை அடின்னு பாக்கணும், ஜூன் 12 தண்ணி திறப்பானா மாட்டானான்னு தெரிஞ்சாத்தான் நாத்து விடுறதா வேணாமான்னு முடிவு பண்ண முடியும். இன்னொருத்தர் மகனுக்கு வேலை விளம்பரம் பாக்க வருவாரு. பழைய பேப்பர்ல வந்த ஏல நோட்டீஸ் தேடி வந்த ஆளுக்கு நானே கட்டைப் பிரிச்சுத் தேடி எடுத்துக் குடுத்திருக்கேன். இவங்க எல்லாம் உள்ள நுழைஞ்சதும் வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உக்காருவாங்க. இந்தக் கையெழுத்து எப்படி வாசகர் கணக்குல சேராம போகும்? இது ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

கோட்டூர்புரம் கார்த்தி
சார் நான் உங்க பேரைச் சொன்னேனா உங்க ஊரைச் சொன்னேனா? பொதுவா சொன்னதைத் தூக்கிட்டு வந்து தனி இழையே திறந்திருக்கீங்க, போன மாசம் நூலக ஆணை (நூலகத்துக்கு அரசு புத்தகம் வாங்கப் போடுற ஆர்டர்) சண்டையில பதில் சொல்லாம கிளம்புனீங்கல்ல அந்தக் கடுப்பு இன்னும் இறங்கல போல. சரி விஷயத்துக்கு வருவோம். அண்ணா நூலகம் 2010 செப்டம்பர்ல திறந்தது, 3 லட்சம் சதுர அடிக்கு மேல, தரைத்தளத்துல பார்வையில்லாதவங்களுக்கு பிரெய்ல் பிரிவு, பசங்களுக்குன்னே ஒரு தளம், லிஃப்ட், ஏசி, சுத்தமான டாய்லெட். மதுரையில 2023 ஜூலை 15 திறந்தது, ரெண்டு லட்சம் சதுர அடி. அங்க போறவன் படிக்கப் போறான். உங்க கிளையில வர்றவன் பேப்பரை மடிச்சுத் தலைக்கு வெச்சுட்டுத் தூங்குறான். அவன் கையெழுத்தும் வாசகர் கையெழுத்தா?

குரூப்ஃபோர் மாடசாமி
அண்ணாச்சி கார்த்தி, நான் ரெண்டு வருசமா எங்க ஊரு லைப்ரரியிலதான் கெடக்கேன். என் கைடு என் நோட்டு எல்லாம் என்னதுதான், லைப்ரரி புத்தகத்தத் தொட்டே மாசக்கணக்காச்சு. ஆனா தெனமும் கையெழுத்துப் போடுதேன். அப்போ நான் வாசகனா இல்லையா? வீட்டுல ஒத்த ரூம்பு, அம்மா டிவி போட்டா படிக்க முடியாது, தங்கச்சி அழுதா படிக்க முடியாது, வேற எங்க போவச் சொல்லுதிய? மாவட்டத்துக்கு ஒண்ணு கட்டுனா நான் தெனமும் பஸ்ஸுக்கு எவ்ளோ குடுக்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க.

கோட்டூர்புரம் கார்த்தி
நீங்க படிக்கிறீங்க ப்ரோ, உங்களைச் சொல்லல. பேப்பர் ஆளுங்களைச் சொல்றேன்.

மன்னார்குடி நூலகன்
ஆஹா. சொந்தப் புத்தகம் கொண்டுவந்தா வாசகர், நூலகம் காசு குடுத்து வாங்கிப் போட்ட பேப்பரைப் படிச்சா வாசகர் இல்ல. என்னா நியாயம்யா இது. கார்த்தி அவர்களே, நீங்க தலைமேல வெச்சுக் கொண்டாடுற கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துலயே சொந்த நூல் படிக்கும் பகுதின்னு ஒண்ணு இருக்கே, அதுல உக்கார்றவங்க எல்லாம் யாரு? பாதிக்கு மேல போட்டித் தேர்வுப் பசங்க, மிச்சம் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து ஏசியில உக்காந்து ஆபீஸ் வேலை பாக்குறவங்க. நீங்களே போன வருசம் "வீட்ல கரண்ட் இல்ல, அண்ணா லைப்ரரியிலேர்ந்து லாகின் பண்ணிருக்கேன்"னு எழுதினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இந்த வயசுலயும் எனக்கு அது மட்டும் மறக்காது. அன்னிக்கு நீங்க உள்ள போனது கணக்குல சேர்ந்துச்சா இல்லையா? உங்களுக்கு ஏசி, எங்க ஆளுங்களுக்கு ஃபேன். வித்தியாசம் அவ்ளோதான்.

நூலக அறிவியலின் தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லயே நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினாரு. சீர்காழிக்காரர், எங்க பக்கத்து மனுஷர். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்குங்கறதுதான், அலமாரியில அடுக்கி வெச்சு அழகு பாக்கறதுக்கு இல்ல. அதே 1931ல மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டு கிராமம் கிராமமாப் போனாரு. வண்டி மாடு உங்க அண்ணா நூலகத்து ஒம்பது மாடி ஏறுமா? ஜனங்க இருக்கிற இடத்துக்குத்தான் போச்சு.

ஏட்டுச்சுவடி
இரண்டு தரப்பையும் படிச்சேன், ரெண்டுமே மேலோட்டமா இருக்கு. தமிழ்நாட்டுல நூலகம்னு பேச்செடுத்தா தஞ்சாவூர் சரஸ்வதி மகாலை விட்டுட்டு எப்படிப் பேசறீங்கன்னே புரியல. நாயக்கர் காலத்துல தொடங்கி சரபோஜி காலத்துல வளந்த சேகரிப்பு, ஓலைச்சுவடி, மோடிங்கற பழைய மராத்தி எழுத்துல இருக்கிற ஆவணம், ஐரோப்பிய நூல் எல்லாம் ஒரே கூரையில. பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூலகம் இருக்கு. ரோஜா முத்தையா நூலகம் இருக்கு, கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் வாழ்நாள் பூரா சேர்த்தது, 1992ல அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி சென்னையிலயே வெச்சுது. அங்க ஒரு நாளைக்கு வர்றவங்க கொஞ்சம் பேருதான், ஆனா அந்தக் கொஞ்சம் பேரு எழுதினதுலேர்ந்துதான் உங்க குரூப் ஒன் கேள்விக்கு வரலாறே வருது. தலை எண்ணி நூலகத்தை மதிப்பிடறது சினிமா தியேட்டர் புத்தி. கையெழுத்து எத்தனைங்கறது ஒரு பொருட்டே இல்ல.

குரூப்ஃபோர் மாடசாமி
அய்யா நீங்க ஏசி ரூம்ல வெள்ளைக் கையுறை போட்டுட்டு ஓலையப் பொரட்டுங்க, யாரு வேண்டாம்னா. எங்களைய ஏன் தியேட்டர்ங்கிய? உங்க நூலகத்துக்குள்ள நான் வந்தா முதல்ல எந்த யூனிவர்சிட்டி, லெட்டர் இருக்கான்னுதான கேப்பாவ.

ஏட்டுச்சுவடி
கேக்கத்தான் செய்வாங்க. ஒரே ஒரு பிரதி இருக்கிற புத்தகத்தை வடை சாப்பிட்ட கையோட யார் வேணா புரட்டலாம்னு விட முடியுமா?

மன்னார்குடி நூலகன்
ஏட்டுச்சுவடி சார், கையெழுத்து பொருட்டு இல்லைன்னு நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க, உங்களுக்கு மாசாமாசம் மாவட்ட மைய நூலகத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்பற தலைவலி இல்ல. ஆனா நீங்களே என் பக்கத்துக்கு ஒரு சாட்சி குடுத்திருக்கீங்க, கவனிச்சீங்களான்னு தெரியல. ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்ததுல புத்தகம் மட்டுமா இருக்கு? பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் இருக்கு. அன்னிக்கு எவனாவது "இது எல்லாம் குப்பை, பேப்பர் படிக்கிறவன் வாசகனா"ன்னு கேட்டிருந்தா இன்னிக்கு உங்க பிஎச்டி எங்கேர்ந்து வந்திருக்கும்? சென்னை கன்னிமாரா நூலகத்தை எடுத்துக்குங்க, 1896ல திறந்தது. நாட்டுல அச்சாகுற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு பிரதி அங்க போகணும்னு 1954ல சட்டம். அந்தச் சட்டத்துல ரெண்டு வருஷம் கழிச்சு செய்தித்தாளையும் சேர்த்தாங்க. ஏன் சேர்த்தாங்க, தலைக்கு வெச்சுத் தூங்கவா? சட்டமே பேப்பரைப் புத்தகத்துக்கு சமமா வெச்சிருக்கு, கார்த்திக்கு மட்டும் அது ஓசிப் பேப்பர்.

கோட்டூர்புரம் கார்த்தி
சட்டம் சேர்த்து வைக்கச் சொல்லுது சார், வாசகர் கணக்குல சேர்க்கச் சொல்லல. ரெண்டும் வேற வேற. அப்புறம் ஒண்ணு நேரடியாவே கேட்டுடறேன். எங்க தாத்தா ஊர்ல ஒரு கிளை, எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், அந்தப் பதிவேட்டை நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஆறுமுகம், முருகேசன், பழனி, மறுபடி ஆறுமுகம். சாயங்காலம் உக்காந்து மொத்தமா ரொப்புறதுதானே? அதைத்தான் சொன்னேன் கணக்குக் காட்டுறாங்கன்னு.

மன்னார்குடி நூலகன்
தம்பி வார்த்தையை அளந்து பேசுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் வருவாங்க, பக்கத்துல இருக்கறவர் சத்தமாப் படிச்சுக் காட்ட கேட்டுட்டுப் போவாங்க, அவங்க பேரை நாமதான் எழுதணும். கை நடுங்கற பெரியவருக்கு நாமதான் எழுதணும். ஒரே கூட்டமா வந்தா முன்னாடி நிக்கறவர் பின்னாடி இருக்கற மூணு பேருக்கும் சேர்த்து எழுதிடுவாரு. அதைப் பாத்துட்டு வந்து திருட்டுப் பட்டம் கட்டறீங்க. ஊர்ப்புற நூலகர்கள் வருஷக்கணக்கா முறையான காலமுறை ஊதியம் கேட்டுப் போராடிட்டு இருக்காங்க, அது தெரியுமா உங்களுக்கு? கூட்டறதும் அவங்கதான், பேப்பர் அடுக்கறதும் அவங்கதான், புத்தக மூட்டை வந்தா தோள்ல தூக்கறதும் அவங்கதான். ஒரே பேனாவாம். ஆபீஸ்ல இருக்கறதே ஒரு பேனா, அதையும் நூல் கட்டித் தொங்கவிடலைன்னா எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்!

சித்ரா அம்பத்தூர்
ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன், ஒருத்தர்கூட கேக்கல, அந்தக் கையெழுத்துல எத்தனை பொம்பளைங்க பேரு இருக்குன்னு. ஆறுமுகம் முருகேசன் பழனி. சரி, ஆறுமுகத்தோட சம்சாரம் எங்க? எங்க ஏரியா கிளைக்கு நான் போனா வாசல்லயே பேப்பர் ரூம், அத்தனை பேரும் தலையத் தூக்கி ஒரு பார்வை பாப்பாங்க, அதைத் தாண்டித்தான் புத்தக அலமாரிக்குப் போகணும். டாய்லெட் கிடையாது. மதியம் பூட்டிடுவாங்க, எனக்குக் கையில நேரம் கிடைக்கறதே மதியம்தான். அதனாலதான் எங்கம்மா காலத்துல எல்லாரும் தெருமுனை லெண்டிங் லைப்ரரிக்குப் போனாங்க. வாரப் பத்திரிகையில வர்ற தொடர்கதையைக் கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்சிருப்பாரு, வாடகை குடுத்து எடுத்துட்டு வந்து ஒரே புத்தகத்தை நாலு வீடு படிக்கும். அங்க பதிவேடும் இல்ல கையெழுத்தும் இல்ல, ஒரு நீள நோட்டுல கடைக்காரர் எழுதிக்குவாரு. அந்த வாசகிங்களை எந்தக் கணக்குல யாரு சேர்த்தீங்க?

மன்னார்குடி நூலகன்
அம்மா, மகளிர் பிரிவு வெச்சிருக்கோம் பல இடத்துல.

சித்ரா அம்பத்தூர்
எங்க சார் வெச்சிருக்கீங்க? ஒரு மேசை போட்டு மேல மகளிர்னு போர்டு மாட்டி அதுக்குக் கீழ பழைய பேப்பர் கட்டு அடுக்கி வெச்சிருக்கறதைச் சொல்றீங்களா? பக்கத்துலயே ஆயிரம் ரூபா குடுத்த புரவலர் பேரெல்லாம் பெயிண்ட்ல பளபளன்னு இருக்கும்.

மன்னார்குடி நூலகன்
புரவலர் பலகையைக் கிண்டல் பண்ணாதீங்கம்மா. அந்த ஆயிரம் ரூபாய்க்கு ஒவ்வொரு வீடா நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அரிசி மில் முதலாளி, டாக்டர், கல்யாண மண்டபக்காரர், எல்லார்கிட்டயும் நின்னிருக்கேன். அது வேற விஷயம், அப்புறம் பேசலாம். இப்ப பேச்சு கையெழுத்து.

சித்ரா அம்பத்தூர்
உங்களுக்கு எப்பவும் நாங்க சொல்றது வேற விஷயம்தான்.

யாழ் சுதன்
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இதுக்குள்ள வரலாமோ தெரியேல்லை. எங்கட ஊர்களில பேப்பர் வாசிக்கிறதுக்கெண்டே சனசமூக நிலையம் எண்டு ஒண்டு இருக்கு. அரசாங்கம் கட்டித் தந்ததில்லை, ஊர்ச்சனம் காசு சேர்த்துக் கட்டினது, வெளிநாட்டில இருக்கிற ஆக்களும் அனுப்புவினம். பின்னேரம் போய் உதயன், வீரகேசரி வாசிச்சுப்போட்டு அரசியல் கதைச்சுப்போட்டு வாறது. ஆரும் அதைக் குறைவா நினைக்கிறதில்லை. பொது நூலகம் வேற, அதுக்குப் போறது வேற தேவைக்கு. அந்த நூலகமும் 1933ல செல்லப்பா எண்ட ஒருத்தற்ற வீட்டில தொடங்கினதுதான், பிறகு பெரிய கட்டடம் கட்டேக்க உங்கட ரங்கநாதன்தான் ஆலோசனை சொன்னவர். 1981ல எரிச்சதில 97,000 புத்தகம் போச்சுது எண்டு எல்லாருக்கும் தெரியும். எரிஞ்ச பிறகும் சனம் பேப்பர் வாசிக்கிறதை விடேல்லை. பெரிசு மட்டும் போதும், சின்னனைப் பூட்டுங்கோ எண்டு கார்த்தி சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. எல்லாத்தையும் ஒரே இடத்தில வைச்சா என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்.

கோட்டூர்புரம் கார்த்தி
சுதன் அண்ணா அதை இதோட சேர்க்காதீங்க, அது பெரிய இழப்பு, இங்க பேசறது நிர்வாகம். நீங்களே சொல்றீங்க பாருங்க, பேப்பருக்கு சனசமூக நிலையம், புத்தகத்துக்கு நூலகம்னு தனித்தனியா இருக்குன்னு. நானும் அதைத்தான் சொல்றேன். பேப்பர் கொட்டகைக்கு நூலகம்னு பேரு எதுக்கு?

யாழ் சுதன்
நான் அப்பிடிச் சொல்லேல்லை. திரும்ப ஒருக்கா வாசியுங்கோ.

உடன்பிறப்பு திருவாரூர்
அண்ணா நூலகத்தைப் பத்திப் பெருமையா பேசுற கார்த்தி, 2011ல அதைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியா மாத்தப்போறோம்னு ஒரு அரசு கிளம்பினப்போ எங்க இருந்தாரு? ஐகோர்ட் தடை போடலைன்னா இன்னிக்கு நீங்க லாகின் பண்ற இடத்துல ஸ்கேன் மெஷின் இருந்திருக்கும்.

ரத்தத்தின் ரத்தம்
வந்துட்டாங்கப்பா. ஊராட்சிக்கு ஒண்ணுன்னு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல பன்னிரண்டாயிரம் நூலகம் கட்டுனீங்களே, அதுல இன்னிக்கு எத்தனை திறந்திருக்குன்னு போய்ப் பாருங்க முதல்ல. எங்க ஊர்ல அதுக்குள்ள தேர்தல் பெஞ்சும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கிடக்கு.

உடன்பிறப்பு திருவாரூர்
பூட்டுனது யாரு? பத்து வருஷம் யாரு ஆட்சி?

ரத்தத்தின் ரத்தம்
அதுக்கப்புறம் யாரு கையில சாவி இருந்துச்சாம்? திறந்திருக்க வேண்டியதுதானே.

மட்டுறுத்துநர்
கட்சிச் சண்டைக்கு வேற இழை இருக்கு. அடுத்த பதிவு நீக்கப்படும்.

மன்னார்குடி நூலகன்
கட்சி எனக்கு வேணாம். ஆனா அந்த ஊராட்சி நூலகம் ஏன் படுத்துச்சுன்னு நான் சொல்றேன். கட்டடம் குடுத்தாங்க, அலமாரி குடுத்தாங்க, புத்தகம் குடுத்தாங்க, பயிற்சி பெற்ற நூலகரைக் குடுக்கல. சொற்ப மதிப்பூதியத்துக்கு ஒருத்தரை உக்கார வெச்சாங்க. அவர் வேற வேலைக்குப் போனதும் பூட்டு. தினமும் புதுசா உள்ள வர்றது பேப்பர் ஒண்ணுதான், பேப்பர் நின்னா ஆள் வரத்து நிக்கும், ஆள் வரத்து நின்னா புத்தகத்தைக் கரையான் எடுத்துக்கும். இது எனக்கு அனுபவத்துல தெரிஞ்ச கணக்கு. பேப்பர் பாக்க வந்தவர்தான் ஒரு நாள் "சார் அந்த அலமாரியில என்ன இருக்கு"ன்னு கேப்பாரு. உறுப்பினர் ஆவாரு. பேரனைக் கூட்டிட்டு வருவாரு. அதுக்கு ஆரம்பம் எது? கையெழுத்து.

பதிப்பக ஆள்
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நூலகர் ஐயா கரையான் எடுக்கிற புத்தகம்னு சொன்னதும் வயிறு எரியுது. நூலக ஆணையை நம்பி அச்சடிச்சு, ஃபாரத்துக்கு (அச்சுல பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம்) இவ்வளவுன்னு அவங்க போடுற விலைக்குத் தலையாட்டி, மாவட்டம் மாவட்டமா பார்சல் கட்டி அனுப்பிட்டு, பில்லுக்கு எத்தனை காலம் காத்திருக்கிறோம் தெரியுமா? ஜனங்க சொத்து வரியில ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரின்னு கட்டுறாங்க. உள்ளாட்சிங்க அதை வசூல் பண்ணி நூலக ஆணைக்குழுவுக்குக் குடுக்கணும், குடுக்காம பாக்கி நிக்குது. பெருசா சிறுசான்னு அடிச்சுக்கறீங்களே, அந்தக் காசு வந்தா ரெண்டும் நடத்தலாம்.

கோட்டூர்புரம் கார்த்தி
பாக்கி வரட்டும், வந்தா என்ன வாங்குவாங்க? உங்க ஆளுங்க அடிக்கிற "வெற்றிக்கு நூறு வழி", "வீட்டு வைத்தியம்", ஜோசியம். கிளை நூலகத்துல அலமாரி ரொம்பி வழியறது அதுதானே. அதான் ஜனங்க புத்தகத்தைத் தொடாம பேப்பர் படிச்சுட்டுப் போறாங்க.

பதிப்பக ஆள்
நான் ஜோசியம் போடுறது இல்ல. கவிதை போட்டவன், அதான் இந்த நிலைமை.

மன்னார்குடி நூலகன்
பாத்தீங்களா, இப்ப "ஜனங்க பேப்பர் படிக்கிறாங்க"ன்னு நீங்களே எழுதிட்டீங்க. படிக்கிறாங்கன்னா வாசகர்தானே. முடிஞ்சுது கதை.

கோட்டூர்புரம் கார்த்தி
இதுக்குப் பேரு வாதமா சார்? நான் டீக்கடையிலயும் பேப்பர் படிக்கிறேன், டீக்கடை நூலகமா? டீ மாஸ்டருக்கு மூன்றாம் நிலை நூலகர் சம்பளம் போடலாமா?

மன்னார்குடி நூலகன்
டீக்கடையில டீ வாங்கணும். காசு இல்லாதவன் நின்னுகிட்டே தலைப்பு மட்டும் பாத்துட்டுப் போகணும், கடைக்காரன் முறைப்பான். எங்க இடத்துல யாரும் முறைக்க மாட்டோம். காசு கேக்க மாட்டோம், சாதி கேக்க மாட்டோம், பேரை எழுதுன்னு மட்டும்தான் கேப்போம். 1948ல சுதந்திர இந்தியாவுலயே முதல்ல மதராஸ் மாகாணத்துல பொது நூலகச் சட்டம் போட்டதே இதுக்குத்தான். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி, ஏன் உங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடி போட்ட சட்டம். அதைப் படிச்சிருக்கீங்களா? படிக்கல. படிக்காமலேயே மூடணும்.

ஏட்டுச்சுவடி
அந்தச் சட்டத்துக்கு முன்னாடியே கேரளாவுல 1945ல பி.என். பணிக்கர் நூலகங்களைத் திரட்டி கிரந்தசாலை சங்கம், அதாவது நூலகச் சங்கம் ஆரம்பிச்சுட்டாரு. அங்க நூலகத்தை ஜனங்களே நடத்தறாங்க, அரசு மானியம் தருது. நம்ம ஊர்ல சட்டம் வந்ததும் எல்லாம் அரசு ஆபீஸ் ஆயிடுச்சு. மத்தியானம் பூட்டறது, வெள்ளிக்கிழமை லீவு.

குரூப்ஃபோர் மாடசாமி
ஆரம்பிச்சிட்டாவய்யா கேரளா கேரளான்னு. அப்படியே வண்டி ஏறிப் போயிர வேண்டியதுதான. ஆனா வெள்ளிக்கெழமை லீவு மட்டும் உண்மை அண்ணாச்சி, பரிச்சைக்கு முந்தின வாரம் வெள்ளிக்கெழமைன்னா எங்க பாடு திண்டாட்டந்தான்.

மன்னார்குடி நூலகன்
ஞாயித்துக்கிழமை திறக்கறோமே, அதை யாராவது சொல்றீங்களா? ஊரே லீவுல இருக்கறப்போ வேலை பாத்தவன் நான், பொண்டாட்டி புள்ளைங்களோட ஒரு ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்குப் போனதில்ல. ஏட்டுச்சுவடி சார், உங்க ஆராய்ச்சி நூலகம் ஞாயித்துக்கிழமை திறக்குமா?

ஏட்டுச்சுவடி
அது இந்த விவாதத்துக்குத் தேவையில்லாத கேள்வி.

சித்ரா அம்பத்தூர்
ஞாயித்துக்கிழமை திறந்தா யாருக்கு லாபம்? எனக்கு அன்னிக்குத்தான் மூணு வேளையும் அடுப்படி.

கோட்டூர்புரம் கார்த்தி
சரி சார், நீங்க கையெழுத்து கையெழுத்துன்னு எத்தனை தடவை எழுதினாலும் அந்த ஒரே பேனாவுக்கு இன்னும் நேரடி பதில் வரல. ஆறுமுகம் எப்படி ஒரே பக்கத்துல ரெண்டு தடவை வந்தாரு?

மன்னார்குடி நூலகன்
காலையில ஒரு தடவை வந்திருப்பாரு, சாயங்காலம் ஒரு தடவை வந்திருப்பாரு! ரெண்டு வேளைதானே திறக்கறோம். ரெண்டு வேளை நூலகத்துக்கு வர்ற மனுஷனைக் கொண்டாடுவீங்களா, அதை விட்டுட்டு போலீஸ் மாதிரி பேனா சாய்வைப் பாத்துட்டு இருக்கீங்க. அந்த ஊர் எதுன்னு சொல்லுங்க, நானே பஸ் ஏறிப் போய் ஆறுமுகத்தைப் பாத்துட்டு வந்து இங்க எழுதறேன்.

கோட்டூர்புரம் கார்த்தி
சொல்ல மாட்டேன்னு அப்பவே சொல்லிட்டேன்.

பதிப்பக ஆள்
ஐயா அந்த நூலக வரி பாக்கியைப் பத்தி நான் எழுதினதுக்கு ஒருத்தரும் வாயே திறக்கலையே?